பேடிஸ் பப்பில் ஐந்து சுயநலக்காரர்கள்: எந்த எபிசோடில் தொடங்குவது, எதில் நிறுத்துவது

ஒரு தொடரை முதல் எபிசோடிலிருந்து பார்ப்பதுதான் முறை. ‘இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் ஃபிலடெல்ஃபியா’வுக்கு மட்டும் அந்த முறை வேண்டாம். முதல் சீசனைத் திறந்து, இரண்டு எபிசோடு பார்த்து, “இதுல என்னடே இருக்கு?” என்று மூடிவிட்டுப் போனவர்கள் நிறைய. அவர்கள் இழந்தது அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிக நேர்மையான நகைச்சுவைகளில் ஒன்றை.

2005 ஆகஸ்ட் 4 அன்று எஃப்எக்ஸ் சேனலில் தொடங்கியது. 2013-ல் எஃப்எக்ஸ்எக்ஸுக்கு மாறியது. 2025-ல் 17-வது சீசன் வந்தது. மொத்தம் 170-க்கும் மேற்பட்ட எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 22 நிமிடம். முதல் சீசனில் ஏழே எபிசோடுகள்தான். பின்னால் ஃபிராங்க் என்ற வேடத்தில் வரும் நடிகர் டேனி டெவிட்டோ அந்த ஏழிலும் கிடையாது. டீ என்ற பெண் பாத்திரம், மற்ற மூன்று பேருக்கும் புத்தி சொல்கிற நல்ல பிள்ளையாக ஓரத்தில் நிற்கிறது. அந்த வேடத்தில் நடித்த கெய்ட்லின் ஓல்சன், தனக்கும் மற்றவர்களைப் போலவே கிறுக்குத்தனமும் கேவலமும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாவது சீசனிலிருந்து டீயும் அவர்களில் ஒருத்தி. அப்போதுதான் தொடர் முழு உருவம் பெற்றது. நல்லவர் ஒருவர் அறைக்குள் இருக்கும்வரை பார்ப்பவர் அவர் தோளில் சாய்ந்துகொள்வார். அந்தத் தோளை எடுத்துவிட்டதுதான் இந்தத் தொடர் செய்த முதல் சரியான காரியம்.

கதைக்களம் இதுதான்: ஃபிலடெல்ஃபியா நகரின் தெற்குப் பகுதியில் ‘பேடிஸ் பப்’ என்று ஒரு ஐரிஷ் பார். ஆள் நடமாட்டம் இல்லாத, வெளிச்சம் குறைந்த, எலி ஓடுகிற கடை. டென்னிஸ், மேக், சார்லி என்ற மூன்று நண்பர்கள் அதைக் கூட்டாக நடத்துகிறார்கள். டென்னிஸின் இரட்டைச் சகோதரி டீ அங்கே வேலை செய்கிறாள். இரண்டாவது சீசனில் இரட்டையரின் அப்பா ஃபிராங்க் கையில் பணத்தோடு வந்து சேர்கிறார். ஐந்து பேரும் தங்களைத் தவிர வேறு யாரைப் பற்றியும் நினைக்காதவர்கள். தங்களுக்குள்ளும் ஒருவரை ஒருவர் விற்பதற்குத் தயங்காதவர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது முதல் தடங்கல் இந்தக் கடைதான். நமக்கு பார் என்றால் டாஸ்மாக் ஒட்டிய கூரை. மது சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் கையில் இருக்கிறது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் இடம், குடித்துவிட்டுக் கிளம்பும் இடம். அதனால் மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு பார் வைத்து, காலை 10 மணிக்கே அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது சட்டென்று மனதில் பதியாது. நம் ஊரில் இதற்கு நெருக்கமான இடம் வடசேரியிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இருக்கும் சாயாக்கடை பெஞ்சுதான். வேலை இருப்பவனும் இல்லாதவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்துகிற இடம். பேடிஸ் பப்பில் அந்த பெஞ்சில் இருப்பவர்களே கடை முதலாளிகள். வாடிக்கையாளர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கடைச் சரக்கைக் குடிப்பவர்களும் அவர்களே. இதை மனதில் வைத்துக்கொண்டால், கடை ஏன் எப்போதும் நஷ்டத்தில் இருக்கிறது, ஏன் ஒவ்வொரு எபிசோடிலும் புதிதாக ஒரு பணத்திட்டம் முளைக்கிறது என்பது புரிந்துவிடும்.

ஒரு எபிசோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ரசனை இரட்டிப்பாகும். முதலில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நேரம், கிழமை, ஊர். பிறகு பாருக்குள் ஒரு வாக்குவாதம். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார்: “நாம அப்படிச் செய்யவே மாட்டோம்.” அடுத்த நொடியே தலைப்பு அட்டை வரும், அவர்கள் அதைத்தான் செய்யப்போகிறார்கள் என்று எழுதியிருக்கும். தொடர்ந்து ஹைன்ஸ் கீஸ்லிங் அமைத்த ‘டெம்ப்டேஷன் சென்சேஷன்’ என்ற, பழைய குடும்பப் படத்துக்கு வாசித்தது போன்ற குதூகலமான இசை. இரவில் கார் ஓட்டியபடி எடுத்த ஃபிலடெல்ஃபியாவின் விளக்குகள். இனிமையான அந்த இசைக்கும் பின்னால் வரும் அசிங்கத்துக்கும் இடையில் ஒரு பொருத்தமும் இல்லை. அந்தப் பொருத்தமின்மையை 20 ஆண்டுகளாக ஒரு நூல் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

அதன்பின் ஐந்து பேரும் இரண்டு மூன்று அணியாகப் பிரிவார்கள். யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி ருசி உண்டு. டென்னிஸும் டீயும் சேர்ந்தால் பணக்கார வீட்டுத் திமிர் வெளிவரும். மேக்கும் சார்லியும் சேர்ந்தால் முட்டாள்தனம் மட்டும்தான், குரூரம் குறைவு. சார்லியும் ஃபிராங்கும் சேர்ந்தால் அழுக்கு. இவர்கள் இருவரும் ஒரே அறையில் ஒரே சோபா கட்டிலில் படுப்பவர்கள். மேக்கும் டென்னிஸும் சேர்ந்தால் ஒரு மோசமான தாம்பத்தியம். 11-வது சீசனின் ஐந்தாவது எபிசோடில் இந்த இருவரும் புறநகரில் வீடெடுத்துப் போகிறார்கள். சத்தமில்லாத தெரு, நல்ல பக்கத்து வீட்டுக்காரர், ஒரு கருவியிலிருந்து விடாமல் வரும் ‘பீப்’ ஒலி, தினமும் ஒரே சாப்பாடு. டென்னிஸ் மெல்ல மெல்ல நிலைகுலைவதை கிளென் ஹவர்ட்டன் கண்ணிலும் கழுத்து நரம்பிலும் மட்டுமே காட்டிவிடுகிறார்.

கிட்டத்தில் வைத்துப் பார்க்க ஒரு எபிசோடைத் தேர்ந்தெடுப்பதென்றால் 2008-ல் வந்த நான்காவது சீசனின் இரண்டாவது எபிசோடு, ‘த கேங் சால்வ்ஸ் த கேஸ் கிரைசிஸ்’. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. மேக், டென்னிஸ், சார்லி மூவரும் இப்போதே பெட்ரோலை வாங்கிச் சேர்த்துவைத்து, விலை ஏறியதும் விற்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். குலசேகரத்திலும் அருமனையிலும் ரப்பர் ஷீட்டைப் புகைப்புரையில் அடுக்கிவைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வீடுகள் உண்டு, கணக்கு அதேதான். ஆனால் ஷீட் உலர்ந்து கிடக்கும், கெடாது. இவர்கள் சேர்ப்பது தீப்பிடிக்கிற திரவம், கையில் கிடைத்த பாத்திரங்களில். முதலுக்குப் பணம் இல்லாததால் வங்கிக்குப் போய்க் கடன் கேட்கிறார்கள். அங்கே விரட்டியதும் வீடு வீடாகப் போய் விற்கப் பார்க்கிறார்கள். கதவைத் தட்டிய அந்நியன் கையில் பெட்ரோலோடு நின்றால் யார் வாங்குவார்கள்?

இந்த எபிசோடின் பலம் அந்தத் திட்டத்தில் இல்லை. திட்டத்துக்குள் இவர்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் வேடங்களில் இருக்கிறது. குழு என்றால் ஒருவன் மூளை, ஒருவன் முகவெட்டு, ஒருவன் உடல்பலம் என்று பிரிக்கிறார்கள். தான் மூளை என்று மேக் நினைக்கிறான், டென்னிஸும் நினைக்கிறான். மிச்சம் விழுவது சார்லிக்கு: என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாத துருப்புச்சீட்டு. எழுதப் படிக்கத் தெரியாத சார்லி, தனக்குக் கொடுத்த அந்த ஒரு வேடத்தை முழு மனதோடு எடுத்துக்கொள்கிறான். கடைசியில் ஓடுகிற வேனின் பிரேக்கை அறுத்ததே அவன்தான் என்று தெரியவருகிறது. அதைப் பெருமையோடு அறிவித்துவிட்டுப் பின்கதவு வழியாகக் குதித்துவிடுகிறான். சிரிப்பு வருவதற்குக் காரணம், அவன் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டான். அந்த மூவரில் சொன்னதைச் செய்தவன் அவன் ஒருவன்தான்.

இந்தத் தொடரைப் பற்றி “எதையும் கேலி செய்வார்கள், எல்லை கிடையாது” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது தவறான சான்றிதழ். எல்லை உண்டு, கறாரான எல்லை. கேலி எப்போதும் இந்த ஐந்து பேர் மேல்தான் விழ வேண்டும். இவர்கள் ஏழைகளைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் கறுப்பினத்தவரைப் பற்றியும் பேசுவது அருவருப்பானது. அந்த அருவருப்பை எழுத்து ஒருநாளும் அவர்களுக்குச் சாதகமாக்காது. அவர்கள் ஜெயிக்கவே கூடாது, திருந்தவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்துதான் தொடரைக் காப்பாற்றுகிறது. ஜெயித்தால் அது சுயநலத்துக்கு விளம்பரம். திருந்தினால் பார்த்த அத்தனை கொடுமையும் ஒரு கட்டிப்பிடிப்பில் கழுவப்பட்டுவிடும்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிக்க வைத்துக்கொண்டே சிந்திக்கச் சொன்னவர். தமிழ் நகைச்சுவைக்கு அந்த வழியே பெருவழியாகிவிட்டது. நம் சினிமாவில் வம்பு செய்து அடி வாங்குகிற நகைச்சுவைப் பாத்திரம்கூடக் கடைசியில் நம் இரக்கத்தைச் சம்பாதித்துவிடும். வடிவேலுவின் வீறாப்பு உடைந்து விழும்போது நமக்குள் ஒரு பாசம் சுரக்கும். அந்தப் பாசத்தை எதிர்பார்த்து இந்தத் தொடருக்குள் போனால் ஏமாற்றம்தான். இங்கே அறிவுரை சொல்ல ஒருவரும் இல்லை. விளைவு மட்டும் உண்டு, அதுவும் பெரும்பாலும் மற்றவர்களுக்கு.

அந்த விளைவின் பெயர் கிரிக்கெட். விளையாட்டு அல்ல, ஒரு பாத்திரம். இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோடில் அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பள்ளிக்கூடத்தில் டீயைக் காதலித்தவர். பாரின் சுவரில் படிந்த நீர்க்கறை மாதாவின் உருவம் போலத் தெரிய, அதை வைத்துப் பணம் பண்ண ஐவரும் கிளம்புகிறார்கள். அதற்குப் பாதிரியாரின் துணை வேண்டும் என்பதால் டீ அவருக்கு ஆசை காட்டுகிறாள். அவர் அங்கியைக் கழற்றிவிட்டு வருகிறார். அவள் கைவிரித்துவிடுகிறாள். வேறு தொடராக இருந்தால் அந்தப் பாத்திரம் அத்தோடு முடிந்தது. இங்கே மூன்றாவது சீசனில் அவர் தெருவில் படுத்திருக்கிறார். நான்காவதில் மேக்கும் டென்னிஸும் பொழுதுபோக்காக அவரை வேட்டையாடுகிறார்கள். ஐந்தாவதில் மல்யுத்த மேடையில் ஃபிராங்கின் கையால் கழுத்தில் வெட்டு. ஒன்பதாவதில் தீயில் முகம் வெந்துபோகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் முந்தைய காயத்தின் தழும்பு அப்படியே இருக்கும். மற்ற நகைச்சுவைத் தொடர்களில் அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இங்கே அந்த ஐந்து பேருக்கு மட்டும் பழையபடி ஆகும், கிரிக்கெட்டுக்கு ஆகாது. சுயநலத்தின் கணக்குப் புத்தகத்தை ஒரு மனிதனின் உடம்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். கிரிக்கெட்டாக நடித்த டேவிட் ஹார்ன்ஸ்பி இந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர். தன் பாத்திரத்தை இவ்வளவு தூரம் சிதைக்க ஒரு எழுத்தாளர் சம்மதித்திருப்பது மரியாதைக்குரிய விஷயம்.

குமரி மாவட்டத்தில் இந்த எபிசோடு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மாலையில் குடும்ப ஜெபம் நடக்கிற வீடுகள் இங்கே நிறைய. மாதா உருவத்தை வைத்துக் காசு பார்க்கும் கதையை அந்த ஹாலில், அந்த நேரத்தில் ஓட விடாதீர்கள். கதை கேலி செய்வது பக்தியை அல்ல, பக்தியை விற்பவர்களைத்தான். ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் முன் முதல் பத்து நிமிடத்திலேயே வீட்டில் சண்டை வந்துவிடும். தனியாக, ஹெட்போனோடு பாருங்கள். வசனத்தில் கெட்ட வார்த்தை சரளமாக வரும். இது வயதுவந்தவர்களுக்கான தொடர். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு எபிசோடுகூடப் பொருந்தாது.

ஹெட்போன் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நகைச்சுவை பாதி ஒலியில் இருக்கிறது. மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஒருவர் வசனம் முடியும் முன் அடுத்தவர் ஏறி மிதித்துவிடுவார். போன் ஸ்பீக்கரில் அது வெறும் இரைச்சலாகக் கேட்கும். ஆங்கில சப்டைட்டில் போட்டே பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எல்லோரும் சேர்ந்து கத்தும்போது சப்டைட்டில் ஒருவர் வரியைத்தான் காட்டும். சிரிப்பு பெரும்பாலும் சப்டைட்டிலில் வராத மூலையில், சார்லியாக நடிக்கும் சார்லி டே தொண்டை கிழியக் கீச்சிடும் இடத்தில் இருக்கும். அந்த மாதிரிக் காட்சியைப் பத்து நொடி பின்னால் இழுத்து இரண்டாம் முறை பார்ப்பதில் தவறில்லை.

டேட்டா பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: ஆரம்ப சீசன்கள் சாதாரண டிஜிட்டல் கேமராவில், சதுரம் போன்ற பழைய டிவி அளவில் எடுக்கப்பட்டவை. அவற்றை உயர்ந்த தரத்தில் ஓட்டினாலும் படம் தெளியாது, புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். 480பி போதும். ஒரு எபிசோடுக்குச் சுமார் கால் ஜிபி. பின்னால் வரும் சீசன்களுக்கு, குறிப்பாகப் பத்தாவதற்கு, நல்ல தரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரின் உரிமை டிஸ்னி குழுமத்திடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹுலுவில் ஓடுகிறது. இங்கே சந்தா கட்டும் முன் செயலியின் தேடல் பெட்டியில் தொடரின் பெயரைப் போட்டு, எந்தெந்த சீசன் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். ஓடிடி உரிமைகள் கைமாறிக்கொண்டே இருப்பவை. ஒரு வருடச் சந்தா போட்ட பிறகு தொடர் காணாமல் போனால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

பத்தாவது சீசனுக்கு நல்ல தரம் வேண்டும் என்றது அதன் நான்காவது எபிசோடுக்காக. ‘சார்லி வொர்க்’, 2015. சுகாதார ஆய்வாளர் பாருக்கு வருகிறார். அதே நாளில் மற்ற நால்வரும் உயிருள்ள கோழிகளையும் விமானப் பயண மைல்களையும் வைத்து ஏதோ ஒரு மோசடியைத் தொடங்கியிருக்கிறார்கள். அடைத்துப்போன கழிவறை, எலி, அடித்தளத்து அசிங்கம் என்று கடையின் எல்லா வேலையும் வழக்கம்போல சார்லி தலையில். கேமரா அவன் பின்னாலேயே ஓடுகிறது. எபிசோடின் பெரும்பகுதி வெட்டே இல்லாத ஒரே ஷாட் போலத் தெரிகிறது: முன்வாசல், கவுண்டர், பின் அறை, படிக்கட்டு, சந்து, மறுபடியும் முன்வாசல். ஆய்வாளர் ஒரு கதவைத் திறக்கும் நொடிக்குள் சார்லி அந்த அறையைச் சரி செய்திருக்க வேண்டும். நால்வரையும் அவர்களுக்கே தெரியாமல் காய் நகர்த்துகிறான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவன், அந்தக் கடையின் ஒவ்வொரு ஓட்டையையும் மனப்பாடமாக வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிகிறது. ஆய்வு முடிகிறது, கடை தப்பிக்கிறது. ஒருவரும் அவனுக்கு நன்றி சொல்வதில்லை. என்ன நடந்தது என்றே அவர்களுக்குத் தெரியாது. கூட்டாகக் கடை நடத்தியவர்களுக்கு இந்த எபிசோடு வலிக்கும். எந்தக் கூட்டுக் கடையிலும் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஒருவன் இருப்பான், அவனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இயக்குநர் மேட் ஷாக்மேன் இங்கே செய்திருக்கும் வேலைக்குப் பெரிய விருது எதுவும் கிடைக்கவில்லை. தொடருக்கே கிடைக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியில் இதன் பெயர் அடிபட்டது சண்டைக்காட்சி ஒருங்கிணைப்புக்காகத்தான். அதற்குப் பதிலாக ஒன்பதாவது சீசனின் மூன்றாவது எபிசோடைப் பாருங்கள். சிறந்த பார் விருதுக்காக ஐவரும் தங்கள் கடையை வெளிச்சமாகவும் சிரித்த முகமாகவும் மாற்றப் பார்க்கிறார்கள். தொடருக்கு விருது ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு அவர்களே தரும் பதில் அது.

கேமரா வைத்துக் குறும்படம் எடுக்க நினைக்கும் நாகர்கோவில் பிள்ளைகள் இந்தத் தொடரின் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராப் மெக்கெல்ஹென்னி அப்போது உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்த வாய்ப்பில்லாத நடிகர். கிளென் ஹவர்ட்டன், சார்லி டே என்ற இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, கையடக்க வீடியோ கேமராவில், செலவே இல்லாமல் ஒரு மாதிரிப் படம் எடுத்தார்கள். முதலில் கதை லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் நடிகர்களைப் பற்றியது. சேனல் அதை மாற்றச் சொன்னது. மெக்கெல்ஹென்னியின் சொந்த ஊர் ஃபிலடெல்ஃபியா. கதையை அங்கே நகர்த்தி, கையில் ஒரு பாரைக் கொடுத்தார். தொடரை அவர்களே எழுதினார்கள், அவர்களே நடித்தார்கள், அவர்களே தயாரித்தார்கள். முதல் சீசன் அதிகம் பேரைச் சென்றடையவில்லை என்றதும், தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்று சேனல் கேட்டதால் டேனி டெவிட்டோ வந்தார். கட்டாயத்தில் சேர்த்த ஒரு பாத்திரம் தொடரின் முதுகெலும்பாக மாறுவது அரிது. மானத்தைப் பற்றித் துளியும் கவலை இல்லாத ஃபிராங்காக, எழுபது வயதைக் கடந்த பிறகும், டெவிட்டோ எதற்கும் மறுப்புச் சொன்னதாகத் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடில் தோல் சோபாவைக் கிழித்துக்கொண்டு உடம்பில் துணியில்லாமல் வியர்த்து வழிய வெளியே வருவார். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் கால்பந்து பார்ப்பவர்களுக்கு மெக்கெல்ஹென்னியை வேறு வழியிலும் தெரிந்திருக்கும். ரையன் ரெனால்ட்ஸோடு சேர்ந்து வேல்ஸில் ரெக்ஸம் அணியை வாங்கியவர் அவர்தான். ரெக்ஸம் ஆவணத் தொடரில் பார்க்கிற அந்தக் கனிவான ஆளை மேக் வேடத்தில் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். ஏழாவது சீசனுக்காக உடம்பில் 60 பவுண்டு அளவுக்கு எடை ஏற்றிக்கொண்டார். மற்ற தொடர்களில் சீசன் போகப்போக நடிகர்கள் அழகாகிக்கொண்டே போகிறார்கள், நாம் அசிங்கமாவோம் என்பதுதான் காரணம். பிறகு 13-வது சீசனில் செதுக்கிய உடம்போடு வந்தார். அந்த சீசனின் கடைசி எபிசோடில் மேக் தான் தன்பாலின ஈர்ப்பு உள்ளவன் என்பதைச் சிறையில் இருக்கும் தன் அப்பாவுக்கு நடனமாடிச் சொல்கிறான். ஏறத்தாழ ஐந்து நிமிட நடனம், ஒரு நகைச்சுவை வரி இல்லை. திருந்தக் கூடாது என்ற விதியை அது மீறுகிறதா? மீறவில்லை. மேக் நல்லவனாகவில்லை. அடுத்த சீசனிலும் அதே சுயநலக்காரன்தான். தன்னிடம் சொல்லிவந்த ஒரு பொய்யை மட்டும் கைவிடுகிறான். அந்த வேறுபாட்டைக் காத்ததால்தான் அந்த எபிசோடு நிற்கிறது.

இனி, தொடர் சறுக்கும் இடங்கள். வெள்ளை நடிகர்கள் முகத்தில் நிறம் பூசி வேறு இனத்தவராக வேடமிடும் காட்சிகள் நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது, 14 ஆகிய சீசன்களில் வருகின்றன. அந்த ஐந்து எபிசோடுகளும் 2020-ல் அமெரிக்க ஓடிடியிலிருந்து எடுக்கப்பட்டன. எண் வரிசையில் இடைவெளி தெரிந்தால் காரணம் அதுதான், உங்கள் செயலியில் கோளாறு இல்லை. எழுதியவர்களின் நோக்கம் அந்தப் பாத்திரங்களின் அறியாமையைக் காட்டுவது. ஆனால் திரையில் சிரிப்பு வேடத்தைப் பார்த்துத்தான் வருகிறது, வேடமிட்டவனைப் பார்த்து அல்ல. கேலி தன் இலக்கைத் தவறவிட்டால் நோக்கம் காப்பாற்றாது. முதல் சீசன்களில் மாற்றுத்திறனாளிகளையும் திருநங்கையரையும் குறிக்க வரும் சில சொற்களுக்கும் இதே குறை உண்டு.

12-வது சீசன் முடிவில் டென்னிஸ் கிளம்பிப் போகிறான். ஹவர்ட்டன் அப்போது வேறு தொடரில் நடிக்கப் போனார். 13-ல் அவர் வந்து போகிறார், அந்த வெற்றிடம் தெரிகிறது. 14 சுமார். 2021-ல் வந்த 15-வது சீசனோடு, 14 சீசன் ஓடிய ‘அட்வென்சர்ஸ் ஆஃப் ஆஸி அண்ட் ஹாரியட்’டைத் தாண்டி, கார்ட்டூன் அல்லாத, நடிகர்கள் நடித்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களிலேயே அதிக சீசன் ஓடியது என்ற பெயரை இது பெற்றது. அந்த சீசனின் பின்பாதி அயர்லாந்தில் நடக்கிறது. பாரை விட்டு வெளியேறி, தொடர்கதையாக நீட்டியதில் வழக்கமான இறுக்கம் போய்விட்டது. கடைசி எபிசோடு மட்டும் விலக்கு: சார்லி தன் உண்மையான அப்பாவின் உடலை மலைமேல் தூக்கிக்கொண்டு போகிறான். மற்ற நால்வரும் வழியில் ஒவ்வொருவராக அவனை விட்டுவிட்டுப் போகிறார்கள். மழையில் அவன் தனியாகக் கத்தும் காட்சியில் சார்லி டே நகைச்சுவை நடிகர் என்பதே மறந்துபோகும். 16-ல் தொடர் மறுபடி எட்டு எபிசோடுக்குள் இறுகி, பாருக்குத் திரும்பி, பழைய வேகத்தைப் பிடித்தது.

பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இரண்டாவது சீசனின் மூன்றாவது எபிசோடு: டென்னிஸும் டீயும் பார் வேலையை உதறிவிட்டு, உழைக்காமல் அரசு உதவித்தொகையில் வாழலாம் என்று கிளம்பி, அதற்குத் தகுதி பெறுவதற்காகவே போதைக்கு அடிமையாகிறார்கள். 22 நிமிடத்தில் தொடரின் முழு இயல்பும் இதில் இருக்கிறது. இது பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கு ஒத்துவராது. அத்தோடு விட்டுவிடலாம், பின்னால் இளகும் என்று காத்திருக்க வேண்டாம். பிடித்தால் பெட்ரோல் எபிசோடு. பிறகு ஏழாவது சீசனின் ஏழாவது எபிசோடு: பாரை விட்டு வெளியே போகாமல், இவர்களே கண்டுபிடித்த ஒரு கொடூரமான விளையாட்டை விளையாடுகிறார்கள். டென்னிஸ்–டீ அணி எப்போதும் ஜெயிக்கும். ஐவரின் உறவும் அந்த மேசையைச் சுற்றியே தெரிந்துவிடும். அதன்பின் இரண்டாவது சீசனின் தொடக்கத்துக்குப் போய் வரிசையாக வாருங்கள். முதல் சீசனை நான்காவது முடிந்ததும் பாருங்கள். அப்போது அந்த ஏழு எபிசோடும் பழைய ஆல்பம் போலச் சுவையாக இருக்கும்.

நான்காவது சீசனின் கடைசி எபிசோடான ‘த நைட்மேன் கமெத்’தை மட்டும் யார் சொன்னாலும் தனியாக முன்கூட்டிப் பார்க்காதீர்கள். சார்லி எழுதிய இசை நாடகத்தை ஐவரும் மேடையேற்றும் கதை அது. 2009-ல் இதை அமெரிக்க நகரங்களில் உண்மையிலேயே மேடை நிகழ்ச்சியாகவும் நடத்தினார்கள். பாடல்கள் இணையத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கும். ஆனால் சார்லி அந்த நாடகத்தை யாருக்காக எழுதினான் என்பது கடைசி நிமிடத்தில்தான் வெளிப்படும். 17 சீசனிலும் பெயரே சொல்லப்படாத, உணவு பரிமாறும் வேலை செய்யும் ஒரு பெண்ணை அவன் எப்படித் துரத்திக்கொண்டிருக்கிறான் என்று முந்தைய மூன்று சீசன்களில் பார்த்திருந்தால்தான் அவள் சொல்லும் ஒற்றைச் சொல் பதிலின் எடை தெரியும்.